சட்டத்துக்கு உட்பட்ட கதவு

குடியிருப்பு வாரியம் தன் வீடுகளுக்கெல்லாம் புதிய சமையலறை அலமாரிகளைப் பொருத்திக் கொடுத்த வருஷம், ஒரு பஸ் ஓட்டுநரின் வீட்டில் சிங்க்குக்கு மேலே இருந்த கதவு தொங்கிப்போனது. பெரிய தொங்கல் ஒன்றும் இல்லை. ஒரு ஓரம் கொஞ்சம் இறங்கி, பக்கத்துக் கதவின் மேல் தோளைப் போட்டுக்கொண்டு நின்றது, அவ்வளவுதான். ஆனால் மூடினால் மூடாது. மூடிவிட்டதாக நம்பவைத்துவிட்டு, ஆள் குனிந்து பாத்திரம் கழுவும் நேரம் பார்த்துத் தானாகத் திறந்துகொள்ளும். ஓட்டுநரின் மனைவி ஒருநாள் நிமிர்ந்தபோது அது நெற்றியில் இடித்தது. அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். அன்று மாத்திரை வாங்க வந்தவர்களெல்லாம் வீங்கிய நெற்றியைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் எப்படி?" என்று ஒரு மாதிரியான குரலில் விசாரித்தார்கள்.

வீட்டுக்காரர் ஒரு பாவமும் அறியாதவர். டிப்போவில் அவருக்கு 'மஞ்சள் விளக்கு' என்று பெயர். சிக்னலில் மஞ்சள் விழுந்தால் மற்றவர்கள் வேகத்தைக் கூட்டுவார்கள், இவர் வண்டியை நிறுத்திவிடுவார். அப்படிப்பட்டவரே மனைவியின் நெற்றியைப் பார்த்ததும் பொறுக்க முடியாமல் திருப்புளியை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறிவிட்டார்.

கதவைத் தாங்கிய கீல்கள் நல்ல கீல்கள்தான். ஒவ்வொன்றும் கதவின் உள்பக்கத்தில் கிண்ணம் போலப் பதிந்து, அங்கிருந்து ஒரு கையை நீட்டி, அலமாரியின் முன்பக்கச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கையில் மூன்று திருகுகள். ஒன்றைத் திருகினால் கதவு இடம் வலமாக நகரும். இன்னொன்றைத் திருகினால் ஏறி இறங்கும். மற்றதைத் திருகினால் உள்ளே போகும், வெளியே வரும். 'எப்படிப்பட்ட கோணலையும் நொடியில் நேராக்கும், சரிசெய்யக்கூடிய நவீனக் கீல்' என்று வாரியம் வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் கொடுத்திருந்தது.

"மாப்பிள்ளை, அதைக் கீழ வைங்க."

வாசற்படியில் மாமனார் நின்றிருந்தார். அதே வாரியத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். அலுவலகத்தை விட்டு வந்தாரே தவிர, அலுவலகம் அவரை விடவில்லை. இரண்டாவது முறை டீ வேண்டுமென்றால்கூட, "முந்தைய டீயின் தொடர்ச்சியாக" என்றுதான் கேட்பார்.

"லேசா ஒரு திருகு திருகினாப் போதும் மாமா" என்றார் ஓட்டுநர்.

"திருகு தலையில வெள்ளைப் பெயிண்ட் தெரியுதா? அது வாரியத்தோட முத்திரை. அது உடைஞ்சா வீடு போச்சு."

"சரிசெய்யக்கூடிய கீல்னுதானே போட்டிருக்காங்க?"

"சரிசெய்யக்கூடியதுதான். யாரு இல்லேன்னா? நீங்க சரிசெய்யலாம்னு எங்க போட்டிருக்கு?"

ஓட்டுநர் ஸ்டூலில் நின்றபடியே யோசித்துப் பார்த்தார். எங்கும் போடவில்லை. இறங்கிவிட்டார்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நெற்றியில் ஒரு பஞ்சை ஒட்டிக்கொண்டு வாழ்ந்திருக்கலாம். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை வாரியம் வீட்டைப் பார்வையிட்டுத்தான் குடியிருப்பு உரிமையைப் புதுப்பிக்கும். கதவு கோணலாக இருந்தால் வீட்டைப் பராமரிக்கவில்லை என்று பொருள், உரிமை ரத்து. திருகில் கைபட்டிருந்தால் வாரியச் சொத்தைச் சேதப்படுத்தியதாகப் பொருள், அதற்கும் ரத்து. கோணல் கதவை, தொடாமல், நேராக்க வேண்டும். அந்த ஊரில் வாரிய வீட்டை விட்டு வெளியேறினால் வேறு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஓட்டுநர் லீவு போட்டுவிட்டு வாரிய அலுவலகத்துக்குப் போனார்.

கீலில் மூன்று திருகுகள் இருந்ததால் வாரியத்திலும் மூன்று பிரிவுகள் இருந்தன. பக்கவாட்டுப் பிரிவு, உயரப் பிரிவு, ஆழப் பிரிவு. உயரப் பிரிவு தரைத் தளத்தில் இருந்தது. ஆழப் பிரிவு மொட்டைமாடியில் தகரக் கொட்டகையில் இருந்தது. பக்கவாட்டுப் பிரிவு இரண்டுக்கும் நடுவே, மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. அங்கே இருந்த அதிகாரி தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"கதவு தொங்குதா, ஒதுங்குதா, துருத்துதா?"

"மூணும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு சார்."

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. ஒரு கதவு ஒரு நேரத்துல ஒரு தப்புதான் பண்ண முடியும். எல்லாத் தப்பையும் ஒண்ணாப் பண்ணா எந்தப் பிரிவு பார்க்குறது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒதுங்குது சார்" என்றார் ஓட்டுநர். எதையாவது சொல்லிவைக்க வேண்டுமே.

"அப்ப நாங்கதான்" என்று அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். சொந்தக்காரரைக் கண்டுபிடித்த சிரிப்பு.

அவர் வீட்டுக்கு வந்தபோது இரண்டு உதவியாளர்களும் கூட வந்தார்கள். ஒருவர் கதவைப் பிடிக்க, ஒருவர் திருப்புளியைப் பிடிக்க. அதிகாரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "திருகு" என்றார். திருகினார். "நிறுத்து" என்றார். நிறுத்தினார். மாமனார் பரவசத்தோடு எல்லோருக்கும் டீ போடச் சொன்னார். கதவு பக்கத்துக் கதவை விட்டு விலகி, அதற்குப் பதிலாக இன்னும் கீழே இறங்கியது.

"சார், இறங்கிடுச்சே" என்றாள் மனைவி.

"இறங்கினா அது உயரம். நான் உயரத்தைப் பார்க்கக் கூடாது" என்று சொல்லி, உண்மையிலேயே பார்க்காமல், கண்ணைத் தாழ்த்திக்கொண்டே வெளியேறினார்.

அடுத்து உயரப் பிரிவு வந்தது. கதவை ஏற்றிக் கொடுத்தது. ஏறிய கதவு பல்லைப் போல வெளியே துருத்திக்கொண்டது. பிறகு ஆழப் பிரிவு வந்தது. மொட்டைமாடி வெயிலில் வெந்த மனிதர். வந்த வேகத்தில் ஆழத் திருகைக் கடைசிவரை முறுக்கச் சொன்னார். கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு திறக்கவே இல்லை. சர்க்கரை டப்பா உள்ளே இருந்தது.

"திறக்க மாட்டேங்குதே சார்!"

"மூடணும்னுதானே கேட்டீங்க? வாரியத்துலயே இவ்வளவு உறுதியா மூடின கதவு இது ஒண்ணுதான்" என்றார் ஆழ அதிகாரி. சர்க்கரை இல்லாத டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, முகம் மாறி, டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

இப்படியே சுற்று மாறி மாறி நடந்தது. ஒரு பிரிவு திருகியதை அடுத்த பிரிவு திருப்பித் திருகி, திருகு தலையில் புதிதாக வெள்ளைப் பெயிண்ட் வைத்துவிட்டுப் போகும். ஓட்டுநர் வீட்டில் உதவியாளர்கள் செருப்பை விடும் இடம்கூட அவரவர்க்கு என்று ஆகிவிட்டது. மாமனாருக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. தினமும் சவரம் செய்து, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தார். "நான் இருந்த காலத்துல ஒரு கதவுக்கு ஒரு பிரிவுதான் அலையும். இப்ப வாரியம் எவ்வளவு வளர்ந்திருக்கு பார்த்தீங்களா மாப்பிள்ளை!"

மூன்று அதிகாரிகளும் தற்செயலாக ஒரே நேரத்தில் வந்து சேர்ந்த ஒரு நாளில்தான் மனைவி அந்த வார்த்தையைச் சொன்னாள். அவள் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குழாயிலிருந்து நேராக விழுந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் அலமாரியின் சட்டம் தெரிந்தது.

"கதவு மேல தப்பே இல்லையே. தண்ணி பாருங்க, நேரா விழுது. பக்கத்துல சட்டம் பாருங்க, சாஞ்சு நிக்குது. சட்டம்தான் கோணல்."

உதவியாளர் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. ஓட்டுநர் பார்த்தார், அவள் சொன்னது சரி. யார் பார்த்தாலும் தெரியும். ஆனால் மூன்று அதிகாரிகளும் அந்தச் சட்டத்தைப் பார்க்காமல் இருக்க ஆளுக்கொரு திசையில் திரும்பிக்கொண்டார்கள்.

"சட்டம்னா அது சட்டப் பிரிவு" என்று பக்கவாட்டு அதிகாரி முணுமுணுத்தார். வந்தவர்கள் டீயைக்கூட எதிர்பார்க்காமல் போய்விட்டார்கள்.

வாரியத்தைத் தொடங்கியபோது 'சட்டப் பிரிவு' என்று ஓர் அறையை ஒதுக்கியிருந்தார்கள். மரச் சட்டமா, நீதிமன்றச் சட்டமா என்று யாரும் தெளிவுபடுத்தவில்லை. அதனால் ஒரே ஒரு வக்கீலை நியமித்து இரண்டையும் அவரிடமே விட்டிருந்தார்கள். அவர் கறுப்புக் கோட்டோடு சமையலறைக்கு வந்தார். அலமாரிக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

"சட்டம் கோணல்னு சொன்னது யாரு?"

"நான்தான்" என்றாள் மனைவி.

"சட்டத்தை விமர்சிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிச்சிருக்கணும்மா. சட்டம் எப்பவும் நேராத்தான் இருக்கும். கதவுங்கதான் அதுக்குக் கட்டுப்பட்டு நடக்கணும். உங்க கதவு சட்டத்தை மீறி வெளிய நிக்குது. அதை விட்டுட்டுச் சட்டத்தைக் குறை சொல்றீங்க."

"தண்ணி நேரா விழுதே சார். பக்கத்துல வச்சுப் பாருங்களேன்."

"தண்ணி குடிநீர் வாரியத்தோடது. அது நேரா விழுதுன்னு அவங்க நமக்கு எழுத்து மூலமாத் தெரியப்படுத்தல. அதுவரைக்கும் தண்ணியோட சாய்வைப் பத்தி நான் கருத்துச் சொல்ல மாட்டேன்."

ஓட்டுநர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "சார், எங்களுக்குச் சட்டம், தண்ணி எதுவும் வேண்டாம். கதவு நேரா நின்னாப் போதும். புதுப்பிக்கிற நாள் நெருங்கிடுச்சு" என்றார்.

"பயப்படாதீங்க. சட்டத்துல வழி இருக்கும்" என்றார் வக்கீல். உடனே சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "நிறையவே இருக்கு" என்றார்.

விவகாரம் வாரியத் தலைவர் வரைக்கும் போனது. பெரிய கூட்டம் போட்டார்கள். ஓட்டுநரையும் மனைவியையும் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். தலைவர் மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசினார்:

"நண்பர்களே, இந்த வாரியம் இன்னைக்கு வரைக்கும் எந்தத் தப்பையும் ஒத்துக்கிட்டது கிடையாது. இதைவிட நேர்மைக்கு என்ன சாட்சி வேணும்? சட்டம் கோணல்னு ஒரு அம்மா சொல்றாங்க. நாம வச்ச சட்டம் அது. ஆக, கோணலா இருக்க வாய்ப்பே இல்லை. கதவைப் பொறுத்தவரைக்கும் மூணு பிரிவும் மாறி மாறிச் சரிசெஞ்சிருக்கு. ஒருமுறை சரிசெஞ்சாலே சரியாயிடும்னா, பலமுறை சரிசெஞ்ச கதவு எவ்வளவு சரியா இருக்கணும்? ஆகவே அதுவும் கோணல் இல்லை. மிச்சம் என்ன? பார்க்குறவங்க நிக்கிற இடம்! எங்க நிக்கணும், எப்படிப் பார்க்கணும்னு மக்களுக்கு நாம சொல்லித் தரல. அந்த ஒரு குறையை மட்டும் நான் பெருந்தன்மையோட ஏத்துக்குறேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

அடுத்த வாரம் ஆட்கள் வந்து சமையலறைத் தரையில் மஞ்சள் பெயிண்டால் இரண்டு பாதங்களை வரைந்தார்கள். சுவரில் ஒரு தலையின் படத்தை ஒட்டினார்கள். பாதங்களின் மேல் நின்று, படத்தில் உள்ளபடி தலையை இடது தோளுக்குச் சாய்த்துப் பார்த்தால், கதவு நேராகத் தெரியும். ஓட்டுநர் நின்று பார்த்தார். தெரியத்தான் செய்தது. அவருக்கே ஒரு நிமிஷம் சந்தோஷமாகிவிட்டது.

"பார்த்தீங்களா? நம்ம பார்வையிலதான் கோளாறு" என்றார் மாமனார். அவர் ஒரு நாளைக்குப் பல தடவை அங்கே போய் நின்று பழகினார். கொஞ்ச நாளில் கழுத்து அப்படியே பிடித்துக்கொண்டது. வாசலில் போகிறவர்கள், பெரியவர் தங்களிடம் ஏதோ ரகசியம் கேட்கிறார் என்று நினைத்து அருகே வந்தார்கள்.

புதுப்பிக்கும் நாளில் வீட்டைப் பார்வையிட வாரியத்தின் பார்வையாளர் வந்தார். பாதங்களின் மேல் நின்றார். தலையைச் சாய்த்தார். "இந்தக் கதவு நேர்" என்றார். ஓட்டுநருக்கு உயிர் திரும்பியது. பார்வையாளர் தலையை நிமிர்த்தாமலேயே மற்ற கதவுகளைப் பார்த்தார். புருவம் நெரிந்தது.

"மத்ததெல்லாம் இவ்வளவு கோணலா இருக்கே? இப்படித்தான் வீட்டை வச்சிருக்கிறதா?"

"தலையை நிமிர்த்திப் பாருங்க சார், எல்லாம் நேராத்தான் இருக்கு" என்று ஓட்டுநர் கெஞ்சினார்.

"தலையை நிமிர்த்த எனக்கு அதிகாரம் கிடையாது" என்றார் பார்வையாளர், மிகுந்த வருத்தத்தோடு.

மறுபடியும் மூன்று பிரிவுகளும் வந்தன. இந்த முறை ஒற்றுமையாக வேலை நடந்தது. நேராக இருந்த கதவுகளை ஒவ்வொன்றாகக் கோணலாக்குவதில் அவர்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடும் வரவில்லை. கடைசியில் சமையலறை முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. உள்ளே நுழைந்தால் கப்பலில் கால் வைத்த மாதிரி தலை சுற்றியது. ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு மனைவியை அடித்தது. ஆனால் உரிமை புதுப்பிக்கப்பட்டது. தலைவர் அந்தச் சமையலறையை 'முன்மாதிரி' என்று அறிவித்தார். வெளியூர் வாரியங்களிலிருந்து பிரதிநிதிகள் பார்க்க வரப்போவதாகவும் செய்தி வந்தது.

அவர்கள் வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டுநர் டூட்டிக்குப் போயிருந்தார். மதியம் திரும்பி வந்து சமையலறைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கதவுகள் எல்லாம் நேராக இருந்தன. சிங்க்குக்கு மேலே இருந்த கதவும்கூட. தொட்டால் திறந்தது, தள்ளினால் 'டப்' என்று மூடிக்கொண்டது. மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து, சர்க்கரை போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். மடியில் திருப்புளி.

"நீயா?"

"இத்தனை நாளா அவங்க திருகுனதைப் பக்கத்துல நின்னு பார்த்தவ நான் ஒருத்திதானே? ஒவ்வொருத்தரும் அவங்கவங்க திருகை மட்டும் பார்த்தாங்க. நான் கதவைப் பார்த்தேன். சட்டம் எவ்வளவு சாஞ்சிருக்கோ அவ்வளவுக்கு எதிர்ப்பக்கமாத் திருகினா கதவு நேரா வந்துடுது. அதுக்குத்தானேங்க இந்தக் கீலே?"

"முத்திரை போச்சே! வீடு போச்சே! மாமா பார்த்தாரா?"

"எல்லாத்தையும் பார்த்தாரு. இந்த வாசற்படியிலதான் நின்னாரு. ஒண்ணும் சொல்லாம ரூமுக்குப் போயிட்டாரு."

ஓட்டுநர் மாமனாரின் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து, சாய்ந்த தலையோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. அன்று இரண்டாவது டீ கேட்கவும் இல்லை. வாரியத்துக்குச் சொல்லி அனுப்பிவிடுவாரோ என்று ஓட்டுநர் பயந்தார். மறுபடி திருகிக் கோணலாக்கிவிடலாம் என்றுகூடக் கெஞ்சிப் பார்த்தார். மனைவி நெற்றித் தழும்பைக் காட்டினாள்.

பிரதிநிதிகள் வந்தார்கள். தலைவர், வக்கீல், மூன்று பிரிவு அதிகாரிகள் என்று சமையலறை கொள்ளாத கூட்டம். தலைவர் நேராகப் பாதங்களின் மேல் ஏறி நின்று, தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. அவர் கண்ணுக்கு எல்லாக் கதவுகளும் கோணல்.

அதற்குள் வெளியூர்ப் பிரதிநிதியான ஓர் அம்மாள், தலையைச் சாய்க்க வேண்டும் என்று தெரியாமல், சாதாரணமாக நின்று பார்த்துவிட்டு, "அடேயப்பா! நூல் பிடிச்ச மாதிரி இருக்கே! எங்க ஊர்ல இப்படி ஒரு கதவு கிடையாது" என்றார்.

தலைவர் தலையை மெல்ல நிமிர்த்தினார். அவர் நிமிர நிமிரக் கதவுகளும் நிமிர்ந்தன.

"இதுதான் எங்க வாரியத்தோட பாணி" என்றார்.

"ஆமாம், பக்கவாட்டுல நாங்க எடுத்துக்கிட்ட அக்கறை அப்படி" என்றார் பக்கவாட்டு அதிகாரி.

"உயரம் சரியா இல்லேன்னா பக்கவாட்டு என்ன செய்யும்?" என்றார் உயர அதிகாரி.

"எல்லாத்துக்கும் அடிப்படை ஆழம்" என்றார் ஆழ அதிகாரி.

"சட்டம் இடம் கொடுத்ததாலதான் இதெல்லாம்" என்று வக்கீல் முடித்தார்.

"தரையில இந்தக் காலு எதுக்கு?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"அது... பாத்திரம் கழுவுறவங்க நிக்கிறதுக்கு" என்றார் தலைவர். பிரதிநிதிகள் வியந்து தலையாட்டினார்கள்.

அப்போது உயர அதிகாரியின் கண் ஒரு திருகின் மேல் விழுந்தது. வெள்ளைப் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. அவர் முகம் மாறியதைத் தலைவரும் கவனித்தார். "பெரியவரே" என்று மாமனாரைக் கூப்பிட்டார். "நீங்க நம்ம ஆள். வீட்டோடயே இருக்கீங்க. கடைசியா இதைத் திருகினது எந்தப் பிரிவு?"

மனைவி சிங்க்கைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். மாமனார் மடிப்புக் கலையாத சட்டையோடு முன்னால் வந்தார். சாய்ந்த தலையோடு மகளை ஒருமுறை பார்த்தார்.

"ஐயா, என் சர்வீஸ்ல நான் பார்த்ததே இல்லை. பக்கவாட்டு, உயரம், ஆழம் மூணும் ஒரே கையா வேலை பார்த்தது இதுதான் முதல் தடவை. என் கண்ணால பார்த்தேன்."

மூன்று அதிகாரிகளும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஆனால் பாராட்டை வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. உயர அதிகாரி உதிர்ந்த பெயிண்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டே புகைப்படத்துக்குச் சிரித்தார். எல்லோரும் போய்விட்டார்கள்.

ஓட்டுநர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி கதவைத் திறந்து சர்க்கரை டப்பாவை எடுத்தாள். மாமனார் போகாமல் அங்கேயே நின்றிருந்தார்.

"டீயாப்பா?"

"டீ இருக்கட்டும். அந்தத் திருப்புளியைக் கொடும்மா. என் ரூம் அலமாரிக் கதவும் இழுக்குது. நான் வந்த நாள்லேர்ந்தே இழுக்குது."

அவள் எடுத்துக் கொடுத்தாள். பெரியவர் அதை வாங்கி, எந்த முனையைப் பிடிப்பது என்று ஒரு கணம் தடுமாறினார். சர்வீஸ் முழுக்கத் திருகச் சொன்னவரே தவிர, ஒருநாளும் திருகியவர் இல்லை. அறைக்குள் போய்க் கதவைத் திறந்து, கீலுக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார்.

"எந்தப் பக்கம் திருகணும்மா?"

"எந்தப் பக்கம் வேணாலும் திருகுங்கப்பா" என்றாள் அவள். "தப்பாப் போனா திருப்பித் திருகிக்கலாம்."

அப்படியும் செய்யலாம் என்று அவருக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு திருப்புளியைத் திருகில் வைத்து அழுத்தினார்.